டிக்கிக்குள் அடங்கும் கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்கள் விவரம் தெரிந்த ஆள் யாரையாவது கூட்டிக்கொண்டு போவார்கள். ஸ்டெல்லா ஒரு அட்டையை எடுத்துக்கொண்டு போனாள். மிக்ஸி வந்த பெட்டியிலிருந்து வெட்டிய அட்டை. அவளுடைய ஸ்கூட்டியில் ஸீட்டுக்கு அடியில் இருக்கும் டிக்கியை அளந்து, அதே வடிவத்துக்கு அவள் வீட்டுக்காரர் தங்கராஜ் வெட்டிக் கொடுத்தது.

"இதுக்குள்ள அடங்குறதா பாத்து வாங்கு. நாலு பக்கமும் ரெண்டு ரெண்டு நூல் விட்டிருக்கேன். வண்டி குலுங்குனா இடிக்கக் கூடாதில்ல?" என்றார் தங்கராஜ்.

வெடிமருந்துத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷமாக ஃபிட்டர். எட்டு நூல் சேர்ந்தால் ஓர் அங்குலம். மனுஷனுக்கு எதையும் நூல் கணக்கில்தான் சொல்ல வரும். பெண்டாட்டி குரலை ஒரு பாகம் உயர்த்தினால்கூட, "ரெண்டு நூல் கம்மி பண்ணு" என்பார். பண்ணினால்தானே.

அது 2009, நவம்பர் மாதம். மழை விட்டு, பூனாவை ஒட்டிய நிக்டியில் காலை வெயில் இதமாக இருந்தது. நோட்டுப் புத்தகம் அளவுக்குக் குட்டிக் குட்டி லேப்டாப்கள் கடைகளில் வந்து இறங்கியிருந்த சமயம். நெட்புக் என்றார்கள். ஆபீஸ் போகிறவர்கள் அதைப் பார்த்து, இது என்ன விளையாட்டுச் சாமானா என்று சிரித்தார்கள். ஸ்டெல்லாவுக்கு அந்த விளையாட்டுச் சாமான்தான் வேண்டும், அதுவும் வெயிலில் தெரிய வேண்டும், சத்தமாகப் பேச வேண்டும், டிக்கிக்குள் அடங்க வேண்டும்.

அவளுடைய தொழில் அப்படி. பெண்களுக்கு ஸ்கூட்டி ஓட்டச் சொல்லிக் கொடுப்பது.

பூனாவில் ஒரு பெண்ணுக்கு வண்டி ஓட்டத் தெரியாவிட்டால் பாதி ஊர் அவளுக்குக் கிடையாது என்று அர்த்தம். பஸ் வரும், வராது. ரிக்‌ஷாக்காரன் வருவான், பக்கத்து இடம் என்றால் வரமாட்டான். அந்த ஊரின் கட்கிப் பகுதியில் அரக்கோணத்துக்காரருக்கு மகளாய்ப் பிறந்த ஸ்டெல்லா இதைப் பதினெட்டு வயதிலேயே புரிந்துகொண்டாள். போசரியில் ஒரு கம்பெனியில் ஸ்விட்ச் பூட்டும் வேலை. பக்கத்து வீட்டு மராட்டிக்காரியின் மொபெட்டை இரவல் வாங்கி, ஒரே ஞாயிற்றுக்கிழமையில், இரண்டு முட்டிகளையும் சிராய்த்துக்கொண்டு, தானாகவே கற்றாள். கல்யாணமாகி நிக்டிக்கு வந்த பிறகு காலனியில் யார் கேட்டாலும் கற்றுக்கொடுத்தாள். 1998-இல் கம்பெனியை இழுத்து மூடினார்கள். அதுவரை சும்மா செய்துகொண்டிருந்ததே அதற்குப் பிறகு பிழைப்பாயிற்று.

பதினொரு வருஷத்தில் முந்நூறு பெண்களுக்கு மேல். இந்த ஊர்ப் பெண்கள் வண்டியில் ஏறினால் கண்ணை மட்டும் விட்டுவிட்டு முகம் முழுக்கத் துப்பட்டாவைச் சுற்றிக்கொள்வார்கள். பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. ஸ்டெல்லாவுக்குத் தெரியும். முழங்கையைப் பார்ப்பாள். பயந்தவள் கை கம்பி மாதிரி விறைத்திருக்கும். "அதோ போறா பாரு என் ஸ்டூடண்ட், இன்னும் கை லூஸ் ஆகல," என்பாள் சிக்னலில் நின்றுகொண்டு. தொண்டையும் அதற்கேற்ற தொண்டை. மைதானத்தின் இந்தக் கோடியில் அவள் கத்தினால் அந்தக் கோடியில் கிரிக்கெட் ஆடுகிறவன் பேட்டைக் கீழே போடுவான்.

கம்ப்யூட்டர் யோசனை ரோஹிணியுடையது. ஹிஞ்சவடியில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கும் சென்னைப் பெண். இரண்டே வாரத்தில் ஓட்டக் கற்றவள், ஸ்டெல்லா யு-டர்ன் போடக் கற்றுக்கொடுப்பதைக் கேமராவில் பிடித்து நெட்டில் ஏற்றிவிட்டாள்.

"மேடம், நானூறு பேர் பாத்திருக்காங்க! ஷார்ஜாவுலேர்ந்து ஒரு பொண்ணு, இதே மாதிரி ஸ்லோப்ல நிறுத்தறது எப்படின்னு சொல்லிக் குடுங்கன்னு எழுதியிருக்கு. நீங்களே வாரம் ஒண்ணு போடுங்க. வீடியோ பிளாக்னு பேர். சின்ன நெட்புக் ஒண்ணு வாங்கினா போதும், கேமரா அதுலயே இருக்கும். டேட்டா ஸ்டிக்கைச் சொருகினா நெட்டும் வந்துடும், ரோட்டுல எடுத்து ரோட்டுலயே ஏத்திடலாம்."

நானூறு பேர் என்றதும் ஸ்டெல்லாவுக்கு மனசு குளிர்ந்தது நிஜம். ஆனால் கம்ப்யூட்டர் வாங்கியே தீர வேண்டும் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றதற்குக் காரணம் ஷார்ஜாக்காரி இல்லை. சுப்ரஜா.

சுப்ரஜா கோயம்புத்தூர்ப் பெண். இருபத்தேழு வயது. லேப் டெக்னீஷியன் படிப்புப் படித்தவள். வீட்டுக்காரர் கோகுல்நாத்துக்குப் பூனாவில் வேலை கிடைத்ததும் கூடவே வந்தவள், ஹிந்தி ஒரு வார்த்தை தெரியாது. அந்த வருஷம் பிப்ரவரியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். காலை ஏழு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. புது ஸ்கூட்டி வாங்கிக்கொண்டு நேராக ஸ்டெல்லாவிடம் வந்தாள். "எனக்குத் தமிழ்ல சொல்லிக் குடுக்கற ஆள் கெடச்சதே பெரிய புண்ணியமுங்க்கா," என்றாள்.

மூன்றாம் நாள் விழுந்தாள்.

மைதானத்தில் வளைவில் வந்துகொண்டிருந்தாள். வேகம் ஒன்றும் அதிகமில்லை. இடது பிரேக்கை லேசாகப் பிடித்தபடி அழகாகத்தான் வந்தாள். எதிரே ஒரு நாய். ஸ்டெல்லா கத்தினாள். சுப்ரஜா, பிடித்திருந்த இடது பிரேக்கைப் பட்டென்று விட்டுவிட்டு வலது பிரேக்கை ஒரே நெருக்காக நெருக்கினாள். வலது, முன்சக்கரத்துப் பிரேக். முன்சக்கரம் மணலில் பூட்டிக்கொண்டது. வண்டி வலது பக்கம் சாய்ந்தது. நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. சுப்ரஜாவுக்கு வலது மணிக்கட்டு உடைந்தது.

ஸ்டெல்லா ஓடிப்போய்த் தூக்கினாள். தூக்கும்போதே வாய் சும்மா இருந்ததா? "அரே, பிரேக்குன்னு தொண்டை கிழியக் கத்துறேன், பிடிச்சிருந்த பிரேக்கைப் போய் விடுறியே! பாகல் ஆயிட்டியா, பைத்தியமா பிடிச்சிருக்கு?" அந்தப் பெண் வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு அவளைப் பார்த்தாளே தவிர ஒன்றும் பேசவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த கோகுல்நாத்திடமும் ஸ்டெல்லா அதையேதான் சொன்னாள். அவன் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். அதற்குப் பிறகு அது அவர்கள் வீட்டில் ஒரு ஹாஸ்யக் கதையாகிவிட்டது. யார் வந்தாலும், "எங்க வீட்டம்மா பிரேக் பிடின்னா விட்ருவா, விடுன்னா பிடிப்பா," என்று ஆரம்பித்துவிடுவானாம்.

லேப் வேலை போயிற்று. மே மாதம் அவர்கள் கோந்த்வாவுக்கு வீடு மாற்றிக்கொண்டு போனார்கள். ஸ்டெல்லா இரண்டு தடவை போன் செய்தாள்.

"கை நல்லாயிருச்சுங்க்கா. இப்ப இங்கயும் ஒரு லேபுல கேக்கறாங்க. ஆனா வண்டி எனக்கு வராதுங்க்கா. எனக்கு மூளையே அப்படி. விடுங்க."

வண்டி மேல் உறை போட்டு மூடி வைத்திருக்கிறார்களாம். ஸ்டெல்லாவுக்கு அது முள்ளாகக் குத்தியது. முந்நூறு பேரில் யாரும் விழாமல் இல்லை. விழுந்து, எழுந்து, அடுத்த நாள் வந்து நின்றார்கள். மூளையே அப்படி என்று சொல்லிக்கொண்டு மூலையில் உட்கார்ந்தவள் இவள் ஒருத்திதான். இவளை மறுபடி வண்டியில் ஏற்றாவிட்டால் நான் என்ன டீச்சர் என்று தங்கராஜிடம் ஆயிரம் தடவை புலம்பினாள்.

ஆகவே கம்ப்யூட்டர். ஸ்டெல்லாவின் கணக்கு இப்படி: கற்றுக்கொள்ள வருகிறவள் எவளும் தன் தப்பை ஒத்துக்கொள்வதில்லை. ஆக்ஸிலேட்டரை முறுக்கிவிட்டு, "நான் முறுக்கலையே மேடம்" என்பாள். ஓட்டுவதைப் படம் பிடித்து, அங்கேயே, அப்போதே போட்டுக் காட்டினால் என்ன சொல்வாள்? கோந்த்வாவுக்கே டிக்கியில் வைத்து எடுத்துக்கொண்டு போய், சுப்ரஜாவை நிற்கிற வண்டியில் உட்காரவைத்து, கை எங்கே தப்புச் செய்கிறது என்று அவளுக்கே காட்டிவிடலாம். தப்பு எங்கே என்று தெரிந்துவிட்டால் பயம் போய்விடும். வீட்டில் வைக்கிற பெரிய கம்ப்யூட்டர் வாங்கலாமே என்று தங்கராஜ் ஒரு வார்த்தை சொன்னார். "அதை மைதானத்துக்கு உங்க தலையில வெச்சா தூக்கிட்டு வருவீங்க?" என்று கேட்டாள். அவர் டேப்பை எடுத்துக்கொண்டு டிக்கியை அளக்கப் போனார்.

சின்ச்வட் ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் முகமது ரஃபீக் என்று ஓர் இளைஞன் நின்றிருந்தான். திருநெல்வேலி மேலப்பாளையம். பூனா வந்து இரண்டு மாசம்கூட ஆகவில்லை. ஹிந்தியில் ஒவ்வொரு வார்த்தையாகப் பொறுக்கி அவன் பேசுவதைக் கேட்டதுமே ஸ்டெல்லாவுக்குப் பிடிபட்டுவிட்டது.

"தமிழா?" என்றாள்.

"ஆமாக்கா!" அவன் முகம் மலர்ந்தது. "என்ன மாதிரி வேணும்? ராம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க் எவ்வளவு?"

"அதெல்லாம் அப்புறம். மொதல்ல இதுல அடங்குதா பாரு," என்று அட்டையை மேஜை மேல் வைத்தாள்.

ரஃபீக் அட்டையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். கம்ப்யூட்டரின் மேல் அட்டையை வைத்து அளக்கிற கிராக்கியை அவன் அன்றுதான் பார்க்கிறான். முதலில் எடுத்த பன்னிரண்டு அங்குல மெஷின் அட்டைக்கு வெளியே நாலு பக்கமும் நீட்டிக்கொண்டு நின்றது. அடுத்தது பத்து அங்குலம். சிவப்பு நிறம், பளபளவென்று மணப்பெண் மாதிரி இருந்தது. அட்டைக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது.

"வெளிய எடுத்துட்டு வா," என்றாள் ஸ்டெல்லா.

"வெளியயா?"

"நான் என்ன ஏசி ரூமுலயா கிளாஸ் எடுக்குறேன்? வெயில்ல தெரியுதா பாக்கணும். சல், வா."

கல்லாவில் இருந்த முதலாளி பார்வையாலேயே ரஃபீக்கைச் சுட்டார். அவன் பயந்தபடியே பின்னால் வந்தான். வெயிலில் சிவப்பு மெஷினைத் திறந்தால் திரையில் ஸ்டெல்லாவின் முகமும் பின்னால் மின்கம்பமும்தான் தெரிந்தன. "பவுடர் போட்டுக்க நல்லா இருக்கும். வேற எடு," என்றாள். மூன்றாவது ஒன்பது அங்குலம், திரை பளபளக்காத ரகம். வெயிலிலும் தெரிந்தது, கையில் எடை தெரியவில்லை. ஆனால் அதில் பதிந்ததைப் போட்டால் கொசு காதோரம் பாடுகிற மாதிரி ஒரு குரல் வந்தது. பஸ் ஒன்று கடந்து போனதும் அதுவும் கேட்கவில்லை. ரஃபீக்குக்கு நெற்றியில் வியர்வை. இதில் பிக்சல் அதிகம், அதில் மெமரி அதிகம் என்று ஏதேதோ சொல்லிப் பார்த்தான். வீடியோவை வெட்டி ஒட்டுகிற வேலைக்கு இந்தச் சின்ன மெஷின்களுக்குச் சக்தி போதாது என்று உண்மையையும் சொன்னான்.

"வெட்டுறதும் வேணாம், ஒட்டுறதும் வேணாம். நடந்தது நடந்த மாதிரி தெரியணும், சொன்னது சொன்ன மாதிரி கேக்கணும். அவ்வளவுதான்."

நாலாவதாக ஒரு கறுப்பு மெஷின். அழகு ஒன்றும் இல்லை. பேட்டரி பெரிசு, ஆறு மணி நேரம் நிற்குமாம், அதனாலேயே முதுகுப் பக்கம் கட்டைவிரல் அளவுக்கு வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. அட்டையில் அந்த ஓரம் மட்டும் அடங்கவில்லை. வெயிலில் படம் தெரிந்தது. ஸ்டெல்லா அதை ஸ்கூட்டி ஸீட்டின் மேல் வைத்து, கேமராவைத் தட்டிவிடச் சொல்லி, நாலடி பின்னால் போய் நின்றாள். முன்னே ஒரு பெண் வண்டியில் வருவதாக மனசில் நினைத்துக்கொண்டாள். புடவைத் தலைப்பைச் செருகினாள்.

"ஸ்லோ… ஸ்லோ… நேரா பாரு, கை லூஸா வை… ஆ, நாய்! பிரேக் மாரு! பிரேக் மாரு!"

தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளபடியே ஒரு ரிக்‌ஷாக்காரன் பிரேக் போட்டான். ரஃபீக் சிரிப்பை அடக்கிக்கொண்டு பதிவைப் போட்டுக் காட்டினான். குரல் மணி மாதிரி கேட்டது. லாரி போகும்போதும் கேட்டது. ஸ்டெல்லாவுக்கு ஒரே சந்தோஷம்.

"இதுதான்! இந்த ஆவாஜ்தான் வேணும். எப்படி இருக்கு என் குரல்?"

"குரலுக்கு என்னக்கா, கணீர்னு இருக்கு," என்ற ரஃபீக் கொஞ்சம் தயங்கினான். "எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது, அதான் கேக்கேன். நாய் வந்தா எதுக்குக்கா பிரேக்கை மாத்தச் சொல்லுதீங்க?"

"மாத்தவா? யார் மாத்தச் சொன்னது? பிரேக் பிடின்னுதானே சொன்னேன்."

"இல்லக்கா. பிரேக் மாறுன்னுல்ல சொல்லுதீங்க. ஒரு பிரேக்கை விட்டுட்டு இன்னொண்ணுக்கு மாறணுமோன்னு நெனச்சேன்."

"அரே, மாரு! பிரேக் மாரோ, கிக் மாரோ, ஹார்ன் மாரோன்னு சொல்வாங்கல்ல, அந்த…" சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள்.

ஹிந்தியில் எல்லாவற்றுக்கும் 'மார்' உண்டு; அடி, போடு என்று அர்த்தம். கிக்கை மாரு, ஹார்னை மாரு, நகராதவனை இடித்து டக்கர் மாரு. கட்கித் தமிழர் வீட்டில் அதுவும் தமிழாகவே புழங்கும். பிறந்ததிலிருந்து அவள் அப்படித்தான் பேசுகிறாள். ஆனால் நிதானமாக உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும்போது பிரேக்கைப் 'பிடி' என்றுதான் வரும். அவசரம் வந்து தொண்டை திறந்தால் தெருவின் பேச்சு முந்திக்கொள்ளும். நிக்டிப் பெண்களுக்கு அது புரியும். மராட்டிக்காரிக்குப் புரியும். சென்னையில் ஹிந்தி படித்த ரோஹிணிக்குப் புரியும். கோயம்புத்தூரிலிருந்து நேற்று வந்தவள் அதை என்னவென்று கேட்டிருப்பாள்?

"இன்னொரு தடவை போடு," என்றாள். குரல் இறங்கியிருந்தது. ரஃபீக் போட்டான். பிரேக் மாரு. பிரேக் மாறு. எத்தனை தடவை கேட்டாலும் இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டன.

விழுவதற்கு முந்தின நாள்தான், முதலில் இடது பிரேக், அப்புறம் வலது பிரேக் என்று அவளே சுப்ரஜாவுக்குப் பாடம் சொல்லியிருந்தாள். அந்தப் பெண் இடதைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மாறு என்று டீச்சர் கத்தினாள். மாறினாள். சொன்ன பேச்சை அப்படியே, ஒரு நொடி தாமதிக்காமல் கேட்டதால் விழுந்தாள்.  மூளையே அப்படி என்று ஒன்பது மாசமாக அந்தப் பெண்ணை நம்பவைத்தது யார்? வீட்டுக்காரன் கேலி பேச வாயில் சொல் எடுத்துக் கொடுத்தது யார்? தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். அடுத்தவள் தப்பைக் காட்ட மெஷின் வாங்க வந்தவளுக்கு அது முதல் வேலையாக அவள் முதுகைக் காட்டிவிட்டது. ஸ்டெல்லா ஸ்கூட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கவில்லை.

ரஃபீக் பயந்துபோனான். "தப்பாச் சொல்லிட்டனாக்கா?"

"நீ ஒருத்தன்தான்பா சரியாச் சொன்னே." மூக்கை உறிஞ்சினாள். "இதைக் கட்டிக் குடு."

"இது அட்டையில அடங்கலையேக்கா. சரி, வேணும்னா புதுசு உள்ள பெட்டியில இருக்கு, அதைத் தாரேன். இது ஷோவுக்கு வெச்சது."

"வேணாம். இதுதான் வேணும். இதுக்குள்ளதான் நான் கத்துனது இருக்கு. அழிச்சிறாதே, ஜாக்கிரதை."

சாயந்திரம் தங்கராஜ் வந்ததும் போட்டுக் காட்டினாள். அவரும் கட்கித் தமிழர்தான், அவருக்கு 'மாரு' என்றே கேட்டது. விளக்கிச் சொன்ன பிறகு இன்னொரு முறை கேட்டார்.

"விடு. யானைக்கும் அடி சறுக்கும்," என்றார்.

"சறுக்குனது யானை இல்லைங்க. யானை சொன்னதைக் கேட்டு நடந்தவ."

அவர் மெஷினை எடுத்துக்கொண்டு கீழே போய் டிக்கியில் வைத்துப் பார்த்தார். பேட்டரி ஓரம் மூன்று நூல் இடித்தது. அரத்தை எடுத்து டிக்கியின் உள்விளிம்பு பிளாஸ்டிக்கை ராவத் தொடங்கினார். மேலே ஸ்டெல்லா அந்த வாரம் முழுக்கக் கண்ணாடி முன்னால் நின்று, "பிடி, பிரேக் பிடி" என்று கத்திப் பழகினாள். அரம் ராவுகிற சத்தமும் இவள் கத்துகிற சத்தமும் சேர்ந்து, பக்கத்து வீட்டார் யாருக்கு என்ன ஆயிற்று என்று விசாரிக்க வந்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கோந்த்வாவுக்குப் போனாள். நிக்டியிலிருந்து ஊரின் மறுகோடி. வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்றே யோசனை. முந்நூறு பேரை அதட்டிய வாய்க்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. கீழே பார்க்கிங்கில் சுப்ரஜாவின் வண்டி சாம்பல் உறைக்குள் நின்றிருந்தது.

"வாங்க்கா, வாங்க! சொல்லாம கொள்ளாம வந்து நிக்கறீங்க!" சுப்ரஜா உண்மையாகவே சந்தோஷப்பட்டாள். கோகுல்நாத்தும் எழுந்து வந்து உபசரித்தான். காபி வந்தது. கறுப்பு மெஷினைப் பார்த்ததும் அவனுக்கு உற்சாகம். "மேடம், நெட்புக்கா? இனிமே எங்க வீட்டம்மாவுக்கு நெட்லயே கிளாஸா? ஆனா பிரேக் பிடின்னா விட்ருவா, பாத்துக்குங்க."

சுப்ரஜா சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க ஸ்டெல்லாவுக்குப் பொறுக்கவில்லை.

"ரெண்டு பேரும் உக்காருங்க. ஒண்ணு போடுறேன். சுப்ரஜா, நீ மட்டும் பதில் சொல்லு. இதுல நான் என்ன செய்யச் சொல்றேன்?"

திரையில் சின்ச்வட் தெரு வந்தது. ஸ்லோ, ஸ்லோ என்றாள் திரையில் ஸ்டெல்லா. நாய் என்றாள். பிரேக் மாரு என்று கத்தினாள்.

 மடியில் இருந்த சுப்ரஜாவின் இடது கை விரல்கள் தாமாக விரிந்தன. வலது கை இறுக்கி மூடிக்கொண்டது. ஸ்டெல்லா அதைப் பார்த்தாள். கோகுல்நாத்தும் பார்த்தான்.

"மாத்தச் சொல்றீங்க்கா," என்றாள் சுப்ரஜா மெதுவாக. "அன்னிக்கும் இதேதானுங்க்கா சொன்னீங்க."

"அன்னிக்கே ஏன் சொல்லல நீ?"

"கீழ கெடக்கறப்பவே, பிடிச்சிருந்த பிரேக்கை ஏன் விட்டேன்னு கேட்டீங்க. நீங்க சொல்லாததை நான் சொன்னீங்கன்னு எப்படிங்க்கா சொல்றது? எங்காதுதான் கோளாறுன்னு நெனச்சுட்டேன்." அதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதபடியே வீட்டுக்காரன் பக்கம் திரும்பினாள். "கேட்டீங்களா? நான் அக்கா சொன்னதைத்தான் செஞ்சேன். கேட்டீங்களா?"

கோகுல்நாத் தலையைக் குனிந்துகொண்டான்.

"தப்பு என்னோடதும்மா," என்றாள் ஸ்டெல்லா. மாரு என்றால் என்ன என்று விளக்கினாள். விளக்க விளக்கத் தன் வாயே தனக்கு வெட்கமாக இருந்தது. "உன் காதுல கோளாறு இல்ல, மூளையில கோளாறு இல்ல. என் நாக்குலதான் இருந்துச்சு. உன்னை விழ வெச்சதும் நான், மேல நின்னு திட்டுனதும் நான். மன்னிச்சிரு. தம்பி, இனிமே அந்தக் கதையைச் சொன்னீங்கன்னா முழுசாச் சொல்லுங்க. டீச்சர் பேரையும் சேத்துச் சொல்லுங்க."

"இல்ல மேடம்… நான் சும்மா தமாஷுக்கு…" என்று இழுத்தான் அவன். பிறகு, "ஸாரி, சுப்பி," என்றான். அவள் அவனைப் பார்க்காமல் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். போனவள் திரும்பி வந்தபோது துப்பட்டாவை முகத்தில் சுற்றியிருந்தாள். கையில் சாவி இருந்தது.

உறையை எடுத்தால் வண்டி முழுக்கத் தூசி. தள்ளிக்கொண்டு போய்க் கட்டிடத்துக்குப் பின்னால் இருந்த காலி மனையில் நிறுத்தினார்கள். கோகுல்நாத் நெட்புக்கை காம்பவுண்டுச் சுவர் மேல் வைத்து, கேமராவைத் தட்டிவிட்டான். நெட்டில் போடலாமா என்று ஸ்டெல்லா கேட்டதற்கு, "போடுங்க்கா. எம்பேரையும் போடுங்க," என்றாள் சுப்ரஜா. ஸீட்டில் உட்கார்ந்தாள். முழங்கை விறைத்திருந்தது. மணிக்கட்டை ஒருமுறை சுழற்றிப் பார்த்துக்கொண்டாள்.

"நான் பின்னாடியே ஓடி வர்றேன், பயப்படாதே," என்றாள் ஸ்டெல்லா. "நிறுத்தணும்னா என்ன சொல்லட்டும்? பிடின்னு சொல்லட்டுமா? ஸ்டாப்புன்னு சொல்லட்டுமா? நீயே சொல்லு."

சுப்ரஜா யோசித்தாள்.

"ஒண்ணும் சொல்லாதீங்க்கா. நானே நிறுத்திக்கறேன்."

ஸ்டெல்லாவின் வீடியோ பிளாக்கில் முதலில் ஏறியது அந்தப் படம்தான். கோந்த்வாவில் அந்த மதில் பக்கத்திலிருந்தே ஏற்றினார்கள், டேட்டா ஸ்டிக் இழுத்து இழுத்து முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டது. படம் நாலே நிமிஷம். பச்சைத் துப்பட்டா சுற்றிய ஒரு பெண் காலி மனையைச் சுற்றி வண்டியில் வருகிறாள். பின்னால் புடவையைத் தூக்கிச் செருகிய ஒரு பருத்த அம்மாள், ஒரு கையால் தன் வாயை இறுகப் பொத்திக்கொண்டு ஓடுகிறாள். மூன்றாவது சுற்றில் ஒரு கன்றுக்குட்டி குறுக்கே வருகிறது. அந்த அம்மாளின் கண்கள் பிதுங்குகின்றன. கை வாயிலிருந்து எடுபடவில்லை. வண்டி கன்றுக்குட்டிக்கு ஒரு முழம் முன்னால் நிற்கிறது.